ஸ்டெல்லா மிஸ் எழுதிய மூன்றுக்கு இரண்டு

போன வாரம் மகளுக்கு டென்னிஸ் பந்து வாங்க சேலையூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். டென்னிஸ் ஆடுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் டென்னிஸ் பந்து என்றால் கிரிக்கெட் ஆடத்தான். கடைக்காரர் புது டப்பாவின் மூடியைக் கிழித்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. கூடவே ரப்பரும் கம்பளியும் பசையும் கலந்த அந்த வாசனை.

"ஐய, பெட்ரோல் நாத்தம்மா" என்று மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது எட்வின் அண்ணாவின் கை வாசனை.

எட்வின் அண்ணா, எங்கள் ஸ்டெல்லா மிஸ்ஸின் கணவர். ரயில்வேயில் குமாஸ்தா. சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. முதல் தடவை நான் போனபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையில் ஒரு டென்னிஸ் பந்தை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, நீங்க டென்னிஸ் பிளேயரா?" என்று கேட்டு வைத்தேன். அவர் சிரித்தார். "இல்லம்மா. டயாலிசிஸ் பேஷண்ட். ஊசி போடறதுக்காக கையில ரெண்டு ரத்தக் குழாய ஜாயின் பண்ணியிருக்காங்க, அது நல்லா தடிக்கணுமாம். இதான் நம்ம பிராக்டிஸ்." சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே முறுக்கிக்கொண்டிருந்த நரம்பைக் காட்டினார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ டென்னிஸ் பேச ஆரம்பித்துவிட்டார். வாழ்நாளில் ராக்கெட்டைத் தொட்டதில்லை. ஆனால் டிவியில் எந்த ஊர் ஆட்டம் வந்தாலும் விடமாட்டார்.

வீட்டில் பேசிப் பேசி மனைவிக்கும் அது தொற்றி, மனைவி மூலமாக எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் தொற்றியிருந்தது. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஸ்டெல்லா மிஸ் பிசிக்ஸ். பி.டி. மாஸ்டர் ஜெயராஜ் சார், இரும்புலியூர்க்காரர். இவர்கள் இருவருக்கும் நடுவில்தான் அந்தப் போட்டி. டேவிஸ் கோப்பையில் இந்தியா ஆடும்போதெல்லாம் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாற்று வகுப்புகளை எழுதிப்போடும் கரும்பலகையின் ஓரத்தில் அவரவர் கணிப்பை எழுதிவிட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு, அறையில் ஒழுங்காகச் சுற்றிய ஒரே ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலி. அடுத்த ஆட்டம் வரும்வரை அது அவருடையது. தாம்பரம் வெயிலில் மூன்றாவது பீரியட் முடித்து வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சேர்ந்த புதிதில் ஜெயராஜ் சார் என்னிடம், "தமிழ் மிஸ், இந்த டை யாருக்கு?" என்று கேட்டார். "எந்த கிளாஸ் பையனோடது சார்? ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்றேன். அறையே சிரித்தது. இரண்டு நாடுகள் மோதுவதற்குத்தான் 'டை' என்று பெயராம். வெள்ளிக்கிழமை இரண்டு ஒற்றையர் ஆட்டம், சனிக்கிழமை இரட்டையர், ஞாயிற்றுக்கிழமை மறுபடி இரண்டு ஒற்றையர். ஐந்தில் மூன்றை ஜெயித்தவர் ஜெயித்தவர். இதை ஸ்டெல்லா மிஸ் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் பேப்பரில் ஆட்டக்காரர்களின் போட்டோவைப் பார்த்து, யார் முகத்தில் களை இருக்கிறதோ அவர் ஜெயிப்பார் என்று எழுதினேன். அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கவே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயராஜ் சார் எப்போதும் இந்தியா ஜெயிக்கும் என்று எழுதுவார். ஸ்டெல்லா மிஸ் எப்போதும் இந்தியா தோற்கும் என்று எழுதுவார். பெரும்பாலும் ஸ்டெல்லா மிஸ்தான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவார்.

"இன்னா மிஸ், உங்களுக்கு நாட்டுப்பற்றே கெடையாதா?"

"ஃபேனுக்கு நாடு கெடையாது சார்."

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு தாம்பரத்துக்குப் போகும்போது நானே கேட்டேன். "ஏன் மிஸ், ஒரு தடவகூட ஜெயிக்கும்னு தோணாதா உங்களுக்கு?" அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோணும் மிஸ். ஆனா ஜெயிக்கும்னு நெனச்சு தோத்துட்டா, அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட வாங்கும்போதும் அப்படித்தான். கெட்டது வரும்னு நெனச்சுக்கிட்டே கவர பிரிப்பேன்." ஆட்டோவில் எங்களோடு இருந்த பெண்ணின் மல்லிகைச் சரம் என் தோளில் உரசிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. ஞாபகம் எதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லவே முடியவில்லை.

ஒரு மதியம் ஸ்டெல்லா மிஸ் போனைக் கையில் பிடித்தபடி ஸ்டாஃப் ரூமுக்குள் வந்தார். "மேட்ச் ஆயிடுச்சு" என்றார்.

"எந்த மேட்ச் மிஸ்? இன்னும் வெள்ளிக்கிழமையே வர்லயே" என்றார் ஜெயராஜ் சார்.

"நானும் அவரும் சார். ரத்தம், டிஷ்யூ எல்லாம். என் கிட்னிய அவருக்கு வைக்கலாமாம்."

ஜெயராஜ் சார் எழுந்து நின்றுவிட்டார். விளையாட்டு மைதானத்தில் கைதட்டுவதுபோல மெதுவாகக் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினோம்.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய வெள்ளி, சனி, ஞாயிறு ஒரு டை. அதுவும் சென்னையிலேயே, நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அணி. லீவில் போவதற்கு முன் ஸ்டெல்லா மிஸ் கரும்பலகைக்குப் போய் எழுதினார். இந்தியா மூன்று, அவர்கள் இரண்டு.

"மிஸ், மாத்தி எழுதிட்டீங்க" என்றார் ஜெயராஜ் சார்.

"இல்ல சார். இந்த ஒரு தடவ ஆசப்பட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

வெள்ளிக்கிழமை இந்தியா இரண்டு ஆட்டத்தையும் தோற்றது.

சனிக்கிழமை இரட்டையரில் ஜெயித்தார்கள் என்ற செய்தியோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்வின் அண்ணா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஸ்டெல்லா மிஸ், நோயாளிக்கான பச்சை அங்கியில். பள்ளிக்கூடத்தில் கஞ்சி போட்ட காட்டன் புடவையிலேயே பார்த்தவரை அப்படிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இவ எனக்குக் கிட்னி குடுக்கறத நம்பிட்டேம்மா" என்றார் அண்ணா. "இந்தியா ஜெயிக்கும்னு போர்டுல எழுதினாளாமே, அதத்தான் நம்ப முடியல." அந்த அறையில் டிவி இல்லை. நாளைக்கு ஸ்டேடியத்துக்கே போய்ப் போனில் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் சாரும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அவர் தொப்பியோடும் கழுத்தில் விசிலோடும் வந்திருந்தார். விசில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வெயிலை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. சிமெண்ட் படியில் உட்கார முடியவில்லை. பேப்பரை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அவரு அடிச்சாரு... இவரு திருப்பி அடிச்சாரு... இப்ப வெளிய போயிடுச்சு அண்ணா."

"யாரு அடிச்சது வெளிய போச்சு? அதச் சொல்லும்மா."

"வெள்ள சட்ட."

"ரெண்டு பேருமே வெள்ளையா?"

"ஆமாண்ணா."

அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. கடைசியில் ஜெயராஜ் சார் போனைப் பிடுங்கிக்கொண்டார். முதல் ஆட்டத்தில் எதிராளி வெயில் தாங்காமல் பாதியிலேயே கைவிட்டார். இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் நம் ஆள் ஒவ்வொரு புள்ளி எடுக்கும்போதும் ஜெயராஜ் சார் எழுந்து நின்று போனுக்குள் கத்தினார். ஜெயித்ததும் விசிலை எடுத்து ஊதினார். எங்கள் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். நான் போனை வாங்கி, "மிஸ், மூணுக்கு ரெண்டு! நீங்க சொன்னதேதான்!" என்றேன். பதிலுக்கு எட்வின் அண்ணாதான் பேசினார். "அழறாம்மா. விடு, அழட்டும்."

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விஷயம் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் தவித்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா மிஸ்ஸின் தங்கை போன் செய்தார். ஜெயராஜ் சார் கேட்டுவிட்டு, பெண்கள் நிறைந்த ஸ்டாஃப் ரூமில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அறிவித்தார்: "யூரின் வந்துடுச்சாம்!" வைத்த கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். ஒரு மனிதருக்குச் சிறுநீர் பிரிந்ததற்கு இத்தனை பேர் கொண்டாடியது உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நல்ல காலம். ஸ்டெல்லா மிஸ் வேலைக்குத் திரும்பினார். எட்வின் அண்ணா ஏரிக்கரையில் காலையில் நடந்தார். டயாலிசிஸ் இருந்தவரை அவருக்கு அளந்துதான் தண்ணீர். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். "ஒரு சொம்புத் தண்ணிய அண்ணாந்து ஒரே மூச்சுல குடிக்கறாரு மிஸ். நா வேலையெல்லாம் விட்டுட்டு நின்னு பாக்கறேன்" என்பார் மிஸ். அவர் கணிப்பும் மாறிவிட்டது. எந்த ஊரில் எவ்வளவு பலமான அணியோடு ஆடினாலும் இந்தியா ஜெயிக்கும் என்றே எழுதினார். தோற்றால், "பரவால்ல, அடுத்த தடவ" என்று சிரித்தார். ஜெயராஜ் சார் இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தோற்கும் என்று எழுதி நாற்காலியைப் பிடித்தார். நாட்டுப்பற்று எங்கே போயிற்று என்று கேட்டால், மேலே ஃபேனைக் காட்டுவார்.

மழைக்காலத்தில் எட்வின் அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தது. வேறொருவரின் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, நோயை எதிர்க்கும் தெம்பையும் குறைத்துவிடுமாம். சாதாரணக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டெல்லா மிஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமும் ஒரு டை இருந்தது. நான் அதைப்பற்றிப் பேசவில்லை. அவரேதான் கேட்டார்.

"ஜெயராஜ் சார் என்ன எழுதினாரு?"

"தோக்கும்னு."

"எனக்கு ஜெயிக்கும்னு போடுங்க மிஸ். என் பேர எழுதிப் போடுங்க. மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. காலையில் முதல் வேலையாக அவர் பெயரை எழுதி, பக்கத்தில் இந்தியா மூன்று என்று போட்டேன். ஜெயராஜ் சார் பின்னால் வந்து நின்றார். தான் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு அவரும் ஜெயிக்கும் என்று எழுதினார். நானும் எழுதினேன். அன்று போட்டோவெல்லாம் பார்க்கவில்லை.

இந்தியா தோற்றது. எட்வின் அண்ணா அதற்குப் பிறகும் சில நாள் இருந்தார். ஒரு புதன்கிழமை மதியம், எந்த ஆட்டமும் இல்லாத சாதாரண ஒரு நாளில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் மழை நின்றிருந்தது. செம்மண் செருப்பில் அப்பியது. பாதிரியார் ஜெபம் முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, ஸ்டெல்லா மிஸ்ஸை வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நா பழையபடி தோக்கும்னே எழுதியிருக்கணும், இல்ல?" என்றார்.

"மிஸ், அதுக்கும் இதுக்கும்..."

"தெரியும். பிசிக்ஸ் டீச்சர் நான், எனக்குத் தெரியாதா? மனசு கேக்க மாட்டேங்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

"இன்னொண்ணு மிஸ். யார்கிட்டயும் சொல்லல. அவரு தனியா போகல. என்னோடது ஒண்ணு அவர்கூடப் போயிருக்கு. கடைசிவரைக்கும் அது நல்லாத்தான் வேல செஞ்சுதாம், டாக்டர் சொன்னாரு. அவரு போனப்புறமும் கொஞ்ச நேரம் அது மட்டும் உயிரோட இருந்திருக்குமான்னு கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல."

ஜெயராஜ் சார் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவது உள்ளிருந்து தெரிந்தது.

அந்த வருடக் கடைசியில் ஸ்டெல்லா மிஸ் வேலையை விட்டுவிட்டு, தங்கையோடு இருக்க மார்த்தாண்டம் பக்கம் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு டிசம்பரில் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. தங்கையின் எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. சிட்லபாக்கம் வீட்டை இடித்து நாலு மாடி அடுக்ககம் கட்டிவிட்டார்கள். ஜெயராஜ் சார் ரிட்டையராகி, ஒரு காலைநடையில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். ஸ்டாஃப் ரூமில் இப்போது இருக்கும் இளம் டீச்சர்களுக்கு டேவிஸ் கோப்பை என்றால் என்னவென்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னாலும் அவர்கள் கேட்பதில்லை.

அந்த ஆட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து செட் கிடையாது, மூன்றுதான். எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. யாருக்கும் நேரம் இல்லையாம். இருக்கலாம். வெள்ளிக்கிழமை இரண்டையும் தோற்றவர்களுக்கு அப்போதெல்லாம் ஒரு மூன்றாம் நாள் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.