பந்தை ஏலத்தில் விட்ட மாஸ்டர்

யோசுவா ஏழுமலையை எங்கள் சபையில் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் எங்கள் ஊர். அவருடைய அப்பா கங்கையா, பெரிய வீட்டுக் கிருஷ்ணப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். மகன் மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் கூடைப்பந்து கற்று, ஆந்திர மாநிலம் பிறந்த வருஷம் திருப்பதியில் ஒரு கல்லூரியில் தற்காலிகப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தற்காலிகம் என்ற வார்த்தை ஆறு வருஷமாகியும் அவரை விடவில்லை.

திருப்பதியில் ஏழுமலை என்று பெயரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பைபிளைக் கக்கத்தில் இடுக்கிப் போகிறவரைப் பையன்கள் கேலி செய்யாமல் விடுவார்களா? "பேர மாத்திக்கலையா சார்?" என்பார்கள். "எங்க நைனா வெச்ச பேரு. அவரு இன்னா பாவம் பண்ணாரு?" என்று அப்பாவைச் சொல்வார். ஆட்டத்துக்கு முன் அவர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். பக்கத்திலேயே பையன்கள் கற்பூரம் கொளுத்துவார்கள். இரண்டும் முடிந்த பிறகுதான் மைதானத்தில் இறங்குவார்கள்.

1960 பிறந்தது. ஏப்ரலில் எங்கள் பக்கம் சென்னை மாநிலத்தோடு சேரும் என்று முடிவாகியிருந்தது. பிரின்சிபால் மாஸ்டரைக் கூப்பிட்டுத் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்: உங்கள் ஊர் அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கத்து ஆளைப் போடச் சொல்கிறார்கள், சித்தூர் கோப்பையைக் கொண்டுவந்தால் உங்கள் வேலையை நிரந்தரமாக்கும்படி நான் பேசுவேன். எங்கள் மாஸ்டரின் டீம் ஏற்கெனவே இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. ஆட்டம் அடுத்த சனிக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதல் பலனை ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் பூசணி, வேர்க்கடலை, சேவல், தறித் துண்டு எல்லாம் ஏலத்துக்கு வரும். அதில் ஒரு நாகரிகம் உண்டு. கொடுத்தவரே தன் பொருளைத் திரும்பக் கேட்டால், மற்றவர்கள் கொஞ்சம் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுக்கொடுப்பார்கள்.

மாஸ்டருக்கு வயலும் இல்லை, தறியும் இல்லை. டீம் இறுதி ஆட்டத்தைத் தொடுகிற வருஷம், ஆடி வந்த பந்தையே படைப்பதாக ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தார். கல்லூரிப் பந்துகள் தையல் விட்டுப் போயிருந்தன, புதியவை சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. மிச்சம் அவருடைய சொந்தப் பந்து ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ப் பூசணிகளுக்கு நடுவில் வைத்தார். ஏலத்தில் திரும்ப எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தார்.

ஊர்த்தெருக்காரர்களும் எங்கள் ஏலத்துக்கு வருவார்கள். சேரிக்குள் கால் வைக்காமல் ஆலயத்து வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். அன்று கிருஷ்ணப்பாவின் மகன் சிட்டிபாபு அந்தப் பந்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். கிருஷ்ணப்பாவுக்கு எங்கள் நாகரிகம் எங்கே தெரியும்? மாஸ்டர் கேட்கக் கேட்க அவர் ஏற்றிக்கொண்டே போனார். மாஸ்டரின் கையிருப்பு தீர்ந்தது, பந்து வேலியைத் தாண்டியது.

"போய் ஒரு வார்த்த கேளுய்யா," என்றாள் அவர் மனைவி மணியம்மா. "ஆட்டம் முடிஞ்சதும் குடுத்துடறோம்னு சொல்லு. வேல பூடும்."

"எங்க நின்னு கேக்கறது? அவுங்க மாட்டுக் கொட்டாயிலயா? நைனா ஆயுசுக்கும் அங்கதான் நின்னாரு."

"நின்னா கால் தேஞ்சா பூடும்?"

"ஆண்டவருக்குக் குடுத்தாச்சு. வுடு."

இதில் பக்தி எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் அவரிடம் தாராளமாக இருந்தன.

அந்த வாரம் திருப்பதியில் பந்தில்லாமல் பயிற்சி நடந்தது. பையன்கள் வெறுங்கையை வீசினார்கள், வெறுங்கையால் பிடித்தார்கள். பார்த்தவர்கள் மாஸ்டருக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். சித்தூரில் நிஜப் பந்து வந்தபோது கைகள் தடுமாறின. பிற்பாதியில் சுதாரித்துக்கொண்டார்கள், ஆனாலும் தோற்றார்கள். ஏப்ரலில் ஊர் சென்னை மாநிலத்துக்குப் போனது. கோடை விடுமுறைக்குக் கல்லூரியை மூடியபோது மாஸ்டர் டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார். மணியம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை.

மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டர் வேலை கிடைத்தது. ஆலயத்துத் திடலில் இரண்டு பனங்கம்பம் நட்டு, வண்டிச் சக்கரத்துப் பட்டாவை அடித்து வளைத்து வளையம் மாட்டினார். பந்துதான் இல்லை.

ஒரு நாள் கிருஷ்ணப்பா பந்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். பின்னால் சிட்டிபாபு.

"இத்த செவுத்துல அடிச்சிக்கினே கீறான். இது இன்னா ஆட்டம்னே தெரியல. நீ வூட்டாண்ட வந்து கத்துக்குடேன், ஏழுமலை."

"வூட்டாண்ட முடியாதுங்க. வளையம் இங்கதான் கீது. பத்து பேரும் வோணும்."

"எந்தப் பத்து பேரு?"

மாஸ்டர் திடலைக் காட்டினார். சேரிப் பையன்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். கிருஷ்ணப்பா கையிலிருந்த பந்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பையன்களின் கைகளைப் பார்த்தார். அதற்குள் சிட்டிபாபு பந்தைப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டான்.

"ஆடிட்டுக் கொல்லப்பக்கமா வா," என்றார் கிருஷ்ணப்பா. "குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

"தெனமும் குளிக்கணுமா நைனா?" என்றான் சிட்டிபாபு.

"தெனமும் ஆட்டம் கீது," என்றார் மாஸ்டர். கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு விசில் ஊதினார்.

மழைக்காலம் வருவதற்குள் சிட்டிபாபு வேர்வையும் புழுதியுமாக முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போக ஆரம்பித்திருந்தான்.