பை எந்த ஊர்?

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எனக்கே தெரியாமல்!

முதலில் இருந்து சொல்கிறேன். போன மாத மழையில் எங்கள் தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் நேரே ஹாலுக்குள் வந்தது. கால்வாயைத் தோண்டினால்... அத்தனையும் கேரி பேக்! கொத்தமல்லிக்கு ஒன்று, எலுமிச்சம்பழத்துக்கு ஒன்று என்று நான் வாங்கி வந்து வீசியதும் அதில் இருக்கும்தானே? அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் கடைக்குத் துணிப்பைதான்.

போன ஞாயிறு பரணில் இருந்து பெரிய மஞ்சள் பையை எடுத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மார்க்கெட். வீட்டுக்காரர் பட்டுக்கரை வேட்டி, நான் தலை நிறையப் பூ.

இந்தக் கோலத்தில் மஞ்சள் பையோடு ஜோடியாகக் கிளம்பினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை. உங்களுக்கு உறைத்திருக்குமா?

கல்மண்டபம் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் கன்னியம்மா எங்களைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, ஜோடியா கெளம்பிகினீங்க! எங்கைல ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!"

சிரித்தேன். அந்த நேரம் பார்த்து ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டது. அந்த இரைச்சலில் கன்னியம்மா கேட்டது என் காதில் இப்படி விழுந்தது — "பை எந்தூரு?"

பையைத் தூக்கிக் காட்டினேன். "காஞ்சிபுரம்! புடவை எடுக்கப் போனப்போ கிடைச்சது."

"பொடவ வேற எட்த்தாச்சா! நல்லா வெச்சித் தாங்குமா?"

"எவ்வளவு வெச்சாலும் தாங்கும்!"

கன்னியம்மா கண் கலங்கி, இரண்டு கைகளாலும் எனக்கு நெட்டி முறித்தாள். ஒரு துணிப்பைக்கு இவ்வளவு பாசமா? எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சுரைக்காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மளிகைக்கடை பாய் வாசலுக்கே வந்துவிட்டார். "பொண்ணுக்குக் காஞ்சிபுரத்துல அமைஞ்சிருச்சாமே! எடுங்கம்மா பத்திரிகைய. பிரியாணிக்கு நம்ம தோஸ்து கீறான், பேஜாரே வோணாம்!"

உரிமையோடு பைக்குள் கைவிட்டார். சுரைக்காய் வந்தது.

கன்னியம்மா கேட்டது "பையன் எந்தூரு?" என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்காரர் நடுரோட்டில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் சிரிப்புதான்... ஆனால் உள்ளே சுருக்கென்றது. இரண்டு வருஷமாக மகளுக்கு வரன் பார்க்கிறேன். யாரைக் காட்டினாலும் "வேணாம்மா" என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். அந்தக் கவலையில் எனக்குச் சாப்பாடே இறங்காது. இப்போது ஊரே அவளிடம் கல்யாணம் விசாரித்தால், மனசு நொந்துபோக மாட்டாளா?

எங்கள் நடையைவிடச் செய்தியின் நடை வேகம். வீட்டில் மகள் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"எதிர்வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா? அந்தக் காஞ்சிபுரத்துக்காரரை நான் கட்டிக்க மாட்டேன். எண்ணூர் ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார். உங்ககிட்ட சொல்லப் பயந்துகிட்டுதான்..."

விம்மினாள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அடக்க முடியவில்லை... அவளைக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டேன், அழுகையும் சேர்ந்து வந்தது. இதற்காகவா இரண்டு வருஷம் மென்று முழுங்கினாய், பைத்தியமே!

"அடுத்த ஞாயிறு சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றார் அவள் அப்பா.

இந்த ஞாயிறு வந்தார். நல்ல பிள்ளை, கூச்சப்பட்டுக்கொண்டே மூன்று முறை சாம்பார் கேட்டார். எங்களுக்குச் சம்மதம்.

பிளாஸ்டிக்கை விட்டால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். எங்களுக்கு மாப்பிள்ளை கிடைத்தார்!