பெண்ணுக்கும் ஒரு எக்ஸ் உண்டு

கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி கனகதாஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எக்ஸ் மெம்பர் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டுவிடுவான். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. வார்டில் ஜெயித்திருந்த அம்மாள் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆஸ்திரேலியா போய் அங்கேயே தங்கிவிட, இடைத்தேர்தல் வந்தது. மிச்சமிருந்த சில மாதத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லாததால் கனகதாஸ் நின்றார், ஜெயித்தார். மழைக்காலம் முழுக்கப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் சுக்குக்காப்பி குடித்து ஒரு தெருவிளக்கு போட்டுக்கொடுத்தார். அது எரிகிறதா என்று பார்ப்பதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் டெபாசிட்டும் போயிற்று.

வேறு ஆளென்றால் வீட்டுக்குள் முடங்கியிருப்பார். கனகதாஸ் எக்ஸைப் பிடித்துக்கொண்டார். மெம்பர் பதவியை ஜனங்கள் ஓட்டுப்போட்டுப் பிடுங்கிவிடலாம், எக்ஸை எவன் பிடுங்க முடியும்? எக்ஸ் மிலிட்டரி, எக்ஸ் கல்ஃப், சர்ச் கமிட்டி எக்ஸ் செக்ரட்டரி என்று திரும்பின பக்கமெல்லாம் எக்ஸ் இருக்கிற ஊர் அது. கல்யாணக் கார்டானாலும் அடக்கத்துக்கான ஃப்ளெக்ஸானாலும் தன் பெயருக்கு முன்னால் அந்த எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யாருடைய கல்யாணம், யாருடைய சாவு என்று பார்ப்பார்.

இதற்கு அவரிடம் ஒரு சாஸ்திரமே இருந்தது. இங்கிலீஷில் எக்ஸ் என்று தொடங்குகிற எந்த வார்த்தையும் மோசமில்லை என்பதுதான் அது. எக்ஸ்பிரஸ் என்றால் கண்ட இடத்தில் நிற்காத பஸ். எக்ஸ்போர்ட் என்றால் நமக்குக் கிடைக்காத நல்ல முந்திரிப்பருப்பு. எக்ஸ்ட்ரா என்றால் கேட்காமலே கிடைப்பது, எக்ஸ்பெர்ட் என்றால் கேட்டாலும் வாய் திறக்காதவன். டீக்கடைச் செல்லையன் சும்மா இருக்கமாட்டார். அப்படியானால் மருந்துக்குப்பியில் இருக்கிற எக்ஸ்பயரி என்ன என்பார். மருந்து ரிட்டயர் ஆகிற தேதி, அதற்குப்பிறகு அதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பார் கனகதாஸ். எக்ஸைஸ்காரன் வந்து சாராயக் குடத்தை உடைக்கிறானே என்றால், அவனைக் கண்டு ஊரே ஓடுகிறதே, அது மரியாதை இல்லையா என்பார். எக்ஸ்ரேயைச் சொல்லிச் செல்லையன் மடக்கப் பார்த்தபோது, அதில் முன்னால் ஈ கிடையாது, ஆகவே அது நம்முடைய ஜாதியில்லை என்று தள்ளிவிட்டார்.

இந்தச் சாஸ்திரம் அவருடைய தங்கை ரத்னபாய் வீட்டில்தான் தலைகுப்புற விழுந்தது. ரத்னபாய்க்குப் புருஷன் இல்லை. மகள் நீது நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்தவள், வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஜித்தினிடம் கொஞ்சநாள் போனில் பேசிவிட்டு, இது போதும் என்று சொல்லிவிட்டாள். ரத்னபாய்க்கு உயிர் வந்தது. பேசி முடிக்கிற பொறுப்பை அண்ணனிடம் ஒப்படைத்தாள்.

ஜித்தினின் அப்பா பொன்னையன் மீசையை நீவிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கூட ஜித்தினும் தங்கை சுமியும் வந்தார்கள். நீது வந்து நின்று, நாலு வார்த்தை பேசிவிட்டு அடுக்களைக்குப் போனாள். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்தன. பொன்னையன் தான் எக்ஸ் மிலிட்டரி என்றும், மூத்த மகன் எக்ஸ் கல்ஃப் என்றும் மெல்ல எடுத்துவிட்டார். ஒரு குடும்பத்தில் இரண்டு எக்ஸ்! தன்னிடம் இருப்பதோ ஒன்று. கனகதாஸ் விடுவாரா? நீது படிக்கிற காலத்தில் காலேஜ் யூனியன் சேர்மேனாக இருந்தது சமயத்தில் ஞாபகம் வந்தது.

"நாங்களும் மோசமில்ல கேட்டியளா. நான் எக்ஸ் மெம்பர். எங்க பெண்ணுக்கும் ஒரு எக்ஸ் உண்டு," என்றார்.

சுமிக்குக் காப்பி புரையேறியது. ஜித்தின் தரையைப் பார்த்தான். கனகதாஸ் அதை மலைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"காலேஜில வச்சாக்கும். ஒரு வருஷம் முழுசா கொண்டு நடந்தா. மாலையெல்லாம் போட்டு ஊர்கோலம் போனாவ. போட்டோ உண்டு, எடுத்துட்டு வரட்டா?"

"கொள்ளாம்," என்று பொன்னையன் மட்டும் மெச்சித் தலையாட்டினார். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

திரும்பும் வழியில் சுமி அப்பாவுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். கார் பாதி வழியில் நின்றதாகக் கேள்வி. அன்று சாயங்காலமே நீது போனும் கையுமாக மாமா வீட்டுக்கு வந்து, அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். கனகதாஸ் பெருமையாக ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எக்ஸ் என்றால் காதலித்து விட்டுவிட்டுப்போன ஆள் என்று அழுகைக்கு நடுவே அவளே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஜித்தின் அவளை நம்பிவிட்டான். பொன்னையன் நம்பவில்லை. பெண்ணின் சொந்தத் தாய்மாமனே போட்டோ உண்டு என்கிறார், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

"உங்க எக்ஸ என் தலையில எதுக்கு மாமா வச்சீங்க?" என்றாள் நீது.

கனகதாஸ் மறுநாள் காலையில் சந்தேகம் தீரச் செல்லையனிடம் போய்க் கேட்டார். எப்போதும் கிண்டல் பண்ணும் செல்லையன் அன்றைக்குச் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இப்போது பிள்ளைகள் வாயில் அதற்கு அந்த ஒரே அர்த்தம்தான் என்றார். ஃப்ளெக்ஸில் தன் படத்தின் கீழே நின்று பிள்ளைகள் சிரித்ததும் போட்டோ எடுத்ததும் கனகதாஸுக்கு நினைவு வந்தது. மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீது மாலையோடு நிற்கும் யூனியன் போட்டோவை எடுத்துக்கொண்டு அவர் வெள்ளறடைக்குப் புறப்பட்டார். எக்ஸ்பிரஸ் அவரைப் பார்த்தும் நிற்காமல் போனது. ஆர்டினரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். பொன்னையன் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண்ணின் பின்னால் கட்டியிருந்த பேனரில் சேர்மேன் என்று இருந்ததைக் கூட்டி வாசித்தார். அவருக்கு மனசு இறங்கியது. ஆனால் சொந்தக்காரர்களிடம் சுமி அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"எங்க ஆளுக சிரிப்பா சிரிச்சாச்சு. இனி கார்டிலயும் ஃப்ளெக்ஸிலயும் ஒரு எக்ஸும் வரப்பிடாது," என்றார் பொன்னையன். "எனக்க மிலிட்டரிய நான் வெட்டுதேன். உமக்க மெம்பர நீரும் வெட்டணும்."

முன் மெம்பர் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கனகதாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். அது மலையாளத்தில் எக்ஸ்தானே என்று பொன்னையன் சொல்லிவிட்டார். டெபாசிட் போன அன்றுகூட கனகதாஸ் இப்படித் தோற்றதில்லை. மேசைமேல் கிடந்த போட்டோவில் நீது பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டினார்.

கல்யாண ஃப்ளெக்ஸ் ஜங்ஷனில் ஏறியது. அழைப்பது: கனகதாஸ். அவ்வளவுதான். அதன் கீழேயே ஆட்டோ போட்டிருக்கிறவன் அவரிடமே வந்து, யாராக்கும் அந்தக் கனகதாஸ், மாப்பிள்ளை வீட்டு ஆளா என்று விசாரித்தான். அவர் தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கல்யாணத்தன்று சர்ச் நிறைய ஆள். இந்தப் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க கனகதாஸ் முன்னால் வரவேண்டும் என்று போதகர் அழைத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகதாஸும் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். நீது முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு, "மாமா, உங்களையாக்கும்," என்றாள்.

அவர் தடுமாறி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். பெண்ணுக்கு நீங்கள் யார் என்று போதகர் முறைப்படி கேட்டார். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்து "எக்…" என்றது. அங்கேயே அடைத்துக்கொண்டது. பாவம், விக்கல் என்று நினைத்து முன்வரிசையிலிருந்து பொன்னையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு, கனகதாஸ் நீதுவின் கையைப் பிடித்தார்.

"மாமன்," என்றார். "இவளுக்க மாமனாக்கும்."