படி மூடிய கிணறு

நான் மதுரை டவுனில், சிம்மக்கல்லில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கல்யாணமாகி நாகமலை அடிவாரத்து ஊருக்கு வந்தேன். முதல் கோடையிலேயே என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் நீட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு எட்டிப் பார்த்தது. அதன் நுனியை விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி வைத்திருந்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுக்க வேண்டுமாம். அறுந்தால் கால் போச்சாம். நான் போட்ட கூச்சலைக் கேட்டு மாமியார் சிரித்தார்.

"நரம்புச் சிலந்திக்கா இம்புட்டுக் கத்துற? சித்திரை பொறந்தா இந்த ஊருல யாருக்குத்தான் வரல?"

அந்த வருடம் எங்கள் நிலத்தில் கோடை உழவு நடக்கவில்லை. மாடு இரண்டும் திடமாகத்தான் இருந்தன. ஓட்டுகிறவருக்குத்தான் கால் இல்லை.

குடிதண்ணீருக்கு ஊருக்கே ஒரு படிக்கிணறுதான். இறங்குகிறவர்கள் தண்ணீர் ஓரத்துப் படியில் நின்று காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அழுக்குக் காலோடு குடிதண்ணீரில் இறங்கினால் பாவம். கழுவிவிட்டு முழங்கால் ஆழம் போய், தெளிந்த இடமாகப் பார்த்துக் குடத்தை அமுக்குவார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. புழு வந்தவர்களும் எரிச்சல் தாங்காமல் அங்கேதான் காலை நனைத்தார்கள். சுத்தம் பார்த்தே ஊர் முடமானதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் படிக்கிணறுகளை மூடுவது என்று ஜில்லா போர்டு முடிவெடுத்து, எங்கள் ஊருக்கும் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டரை அனுப்பியது. அவர் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துக் காட்டினார். எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சிகள் உள்ளே துள்ளின. காலில் இருக்கிற புழு தண்ணீரில் குஞ்சு விடுகிறது, அதை இந்தப் பூச்சி தின்கிறது, பூச்சியை நாம் குடிக்கிறோம், ஒரு வருடம் போனால் நம் காலில் புழு என்றார். படியை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கப்பி போட்டுக் கயிற்றால் இறைக்க வேண்டும். யாருடைய காலும் தண்ணீரில் படக்கூடாது.

"உடம்புச் சூட்டுக்கு வர்றதுக்குக் கெணறு என்னய்யா செய்யும்?" என்று ஆண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் வாய் வலிக்கப் பேசினேன். ஒருவழியாக ஊர் சம்மதித்தது. ஆடியில் படிகள் மூடப்பட்டன. கல் சுமந்தவர்கள் பெண்கள் நாங்கள்தான்.

மறு சித்திரையில் மறுபடியும் புழு. தெருவில் பாதிப் பேருக்கு. என் வீட்டுக்காரருக்கும். "டவுன்காரி பேச்சக் கேட்டுக் கயிறு இழுத்துக் கை காச்சதுதான் மிச்சம்" என்று என் காதுபடவே பேசினார்கள். ஒருநாள் காலையில் சுவரை இடிக்கக் கடப்பாரைகளோடு நொண்டிக்கொண்டே கிளம்பினார்கள். முன்னால் வந்தவர் என் வீட்டுக்காரர்.

நான் ஓடிப்போய்ச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குடி கீழ. ஊரே சிரிக்குது."

"இது போன வருசம் குடிச்ச தண்ணியில வந்தது. இன்ஸ்பெக்டர் அன்னிக்கே சொன்னாருல்ல? இடிக்கிறதுன்னா என்னையும் சேத்து இடிங்க."

வலியில் அவர் முகம் கோணியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தச் சுவர் போனால் ஆயுசு முழுக்க ஒவ்வொரு கோடையும் இந்த மனிதர் குச்சியும் கையுமாகத்தான் கிடக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார். அவருக்கும் அந்த வருடம் முழங்காலில் புழு. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால், கதை முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ மகனைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏன்டா, நாத்து நட்ட மறுநாளே அருவாளத் தூக்கிக்கிட்டு அறுக்கப் போவீகளாக்கும்? இது போன வருசத்து வெத. அறுத்துத்தான் தீரணும். ஆடிக்கப்பறம் வெதைக்கலையில்ல? அடுத்த சித்திரை வரைக்கும் பொறுங்கப்பா. அப்பவும் வந்தா மொதக் கல்ல நானே பேத்தெடுக்குறேன்."

விதைப்பும் அறுப்பும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து புழு உள்ளவர்களை நாங்கள் கிணற்றுப் பக்கமே விடவில்லை. அவர்கள் வீட்டுக்கு நாங்களே குடம் சுமந்தோம்.

அடுத்த பங்குனி முழுக்க, அவர் தூங்கும்போது வேட்டியை விலக்கி விலக்கிக் காலைப் பார்த்தேன். சித்திரை பிறந்தது. கொப்புளம் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை. "காலைக் காட்டுங்க, காலைக் காட்டுங்க" என்று பைத்தியக்காரிபோலத் தெருத்தெருவாக அலைந்தேன். ஒரு காலிலும் இல்லை. ஜெயித்துவிட்டோம்!

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அந்த வருடம் ஊரே வைகைக்கு நடந்தது. இரண்டு மாட்டு வண்டி கட்டியும் ஏற ஆள் இல்லை. எல்லோருக்கும் நடக்கத்தான் ஆசை. பாதி வழியில் நான்தான் முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. கால் வலிக்குது."

அவர் திரும்பி வந்து, ஊரே பார்க்க என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து முதுகைக் காட்டினார். "ஏறிக்க. தூக்கிட்டுப் போறேன்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்ன, கால் வலியெல்லாம் மறந்து எழுந்து ஓடினேன். அவர் என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தார்.