அப்பாவிடமிருந்து வந்த மஞ்சள்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்ததில்லை. வெளிறிய மஞ்சள். காய்ச்சல் வந்து போனால் இன்னும் கூடும். மஞ்சள்காமாலை என்று சொல்லி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து எத்தனையோ காலைகளில் கொடுத்தார்கள். மஞ்சள் போகவில்லை.

அப்பாவுக்கும் கண் அப்படித்தான் இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தார். சின்னப் பிள்ளை கண் மஞ்சளாக இருந்தால் காமாலை என்றார்கள். ஆம்பளைக்கு இருந்ததால் குடி என்றார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வயிற்றுவலி, காய்ச்சல் என்று படுத்தவர் நான்கே நாளில் போய்விட்டார். சாவு வீட்டில் ஒரு மாமா, "குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டான்" என்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார். அம்மா மறுத்துப் பேசவில்லை.

என்னைப் பெண் பார்க்க மூன்று முறை வந்தார்கள். மூன்றாவது இடத்துக்காரர்கள் மட்டும் போனில் காரணம் சொன்னார்கள். "பிள்ளைக்கு ஈரல்ல ஏதோ கோளாறுன்னு கேள்விப்பட்டோம், தப்பா நெனச்சுக்கிடாதீங்க." பிறகு யாரும் வரவில்லை. தளவாய்புரத்தில் அண்ணன் வீட்டில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். அண்ணிக்குக் குழந்தை பிறந்ததும் என் தட்டும் டம்ளரும் தனி அலமாரிக்குப் போயின. குழந்தையைத் தூக்க நான் கை நீட்டினால், "பால் குடிக்கப் போறான்" என்பாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தாள். தொற்றும் என்றுதான் நானும் நினைத்தேன், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்தேன். ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. காலையில் பஸ், மாலையில் பஸ். துணியை வெட்டி, சுருட்டி, கவரில் அடைக்க வேண்டும். வேலை நாளில் பேச்சுக்கு ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் சாயங்காலம் பால் வாங்கப் போகும்போதுதான் அன்றைய முதல் வார்த்தையைப் பேசுவேன். தொண்டை அடைத்துக்கொண்டு குரல் வேறு யாருடையதோ போல வரும். கடைக்காரர், "சளியா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

போன வருஷம் சித்திரையில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. கம்பெனி பாத்ரூமில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். முதுகுவரை துளைத்துக்கொண்டு போன வலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல் என்று தெரிந்தது. ராஜபாளையத்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்தினார். மண்ணீரல் வீங்கியிருந்தது.

"கண்ணு எப்ப இருந்து மஞ்சளா இருக்கு?"

"பொறந்ததுல இருந்து."

"வீட்டுல வேற யாருக்காவது?"

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. ஆனா அவரு குடிப்பாரு."

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பா தள்ளாடி நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டிலைக்கூட வீட்டில் பார்த்ததில்லை. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான்.

ரத்தம் எடுத்தார்கள். லேபில் இருந்த பெண் நல்லவள். நான் தயங்கித் தயங்கிக் கேட்கவும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டாள். முதலில் வேறொருவருடைய ரத்தம். சிவப்பணுக்கள் தட்டை வட்டமாக, நடுவில் வெளுப்பாக இருந்தன. அடுத்து என்னுடையது. நிறைய அணுக்கள் நடுவில் வெளுப்பே இல்லாமல், சிறியதாக, அடர்ந்த சிவப்பில் உருண்டையாகக் கிடந்தன.

டாக்டரம்மா விளக்கினார். சிவப்பணு தன்னைவிடக் குறுகலான ரத்தக்குழாயில்கூட வளைந்து நுழைந்து போக வேண்டும். அதற்காகத்தான் அது தட்டையாக இருக்கிறது. உள்ளே இருப்பதைவிட மேல்தோல் தாராளமாக இருப்பதால் எப்படியும் மடங்கும். அந்தத் தோலுக்கு உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தால் பின்னிய வலை ஒன்று இருக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். அந்த வலையோ, அதைத் தோலோடு பிடித்துவைக்கும் கட்டோ சரியில்லை என்றால் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகும். தோல் குறைந்தால் அணு உருண்டையாகும். உருண்டை வளையாது. மண்ணீரலின் சின்னச் சின்ன இடுக்குகளில் மாட்டி உடையும். உடைந்த ரத்தத்திலிருந்து வருவதுதான் கண்ணில் இருக்கும் மஞ்சள். கல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

"ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒட்டாது. பரம்பரையா வர்றது. உங்க அப்பாகிட்ட இருந்து வந்திருக்கணும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்களை விட்டேன்.

தடுப்பூசிகள் போட்டு, சில வாரம் கழித்து மதுரையில் ஆபரேஷன். மண்ணீரலையும் பித்தப்பையையும் எடுத்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டான், இரண்டு நாள் இருந்தான், லீவு இல்லை என்று கிளம்பினான். அவனும் ரத்தம் கொடுத்துப் பார்த்தான்; அவனுக்கு இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, மண்ணீரல் இல்லாததால் கிருமி சீக்கிரம் பரவும், இனிமேல் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்றார்கள். "கூட யாரு இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கண் வெளுத்தது. ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ நின்றதுபோல இருந்தது. காட்ட ஆள் இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் அக்கா என் முகத்தையே செத்த நேரம் பார்த்துவிட்டு, "என்னமோ மாறியிருக்கே, பொட்டு மாத்திட்டியா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு தளவாய்புரம் போனேன். அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அணு உருண்டையாவது அவளுக்குப் புரிந்ததா தெரியாது. அப்பாவின் கண் குடியால் மஞ்சளாகவில்லை என்றதும் அவள் கை நின்றது.

"அப்ப அவிய குடிக்கலையா?"

"நீ பாத்திருக்கியாம்மா?"

"இல்ல. தூங்கும்போது வாய்கிட்ட போய் மோந்து பாப்பேன். வாடையே வராது. வாடை அடிக்காத சரக்கு எதையோ குடிக்காருன்னு நெனச்சேன்." கீரைக் காம்பை எடுத்தாள், கீழே வைத்தாள். "எம் பிள்ளைக மேல சத்தியம் பண்ணுதேன்னு அழுதாவ, ஏட்டி. அன்னைக்கும் நம்பல. எம்புட்டுப் பேசிட்டேன். குடிகாரன் எச்சி படக்கூடாதுன்னு அவியளுக்குத் தனியா சோறு வச்சிருக்கேன்."

மிச்சக் கீரையை நான் உருவினேன். அவள் வேடிக்கை பார்த்தாள். கடைசியில், "நேரமாவுது, நீ கெளம்பு, பொறவு பஸ் கெடைக்காது" என்றாள். பஸ் நிறைய இருந்தது. கிளம்பினேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அம்மா தானாக யாருக்கும் போன் போட மாட்டாள். பேரனிடம் சொல்லி நம்பரை அழுத்த வைத்திருக்க வேண்டும்.

"ஏட்டி, அந்தக் கல்லு அவியளுக்கும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்மா."

"கடைசி நாலு நாளு சுவத்தப் பாத்துத் திரும்பியே படுத்திருந்தாவ. ஒண்ணும் சொல்லல. ரொம்ப வலிச்சிருக்குமோ?"

பேண்டேஜ் ரோல்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இல்லம்மா. அவ்வளவா வலிக்காது. அசதியாத்தான் இருக்கும்."

"நெசமாவா?"

"எனக்கு வந்ததும்மா. எனக்குத் தெரியாதா?"

சரி என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடிக்கும்வரை நானும் வைக்காமல் நின்றிருந்தேன்.