அண்ணன் வீட்டு ரேடான்

பின்லாந்தில் நான் குடியேறிய புதிதில் பக்கத்து வீட்டுப் பெக்கா ஒரு நாள் கதவைத் தட்டி, "இல்மா, இல்மா" என்றார். அவர்கள் மொழியில் காற்று. உங்கள் வீட்டுக் காற்று சரியில்லாமல் இருக்கலாம், பார்த்தீர்களா என்று பாதி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நின்றார். அன்றைக்கென்று பார்த்து அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் வீடு, என் குழம்பு, நீ மூக்கைப் பொத்திக்கோ" என்று கதவைச் சாத்தினேன். மறுநாள் மனிதர் கோபமே இல்லாமல் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் கருவியோடு வந்தார். பூமிக்கு அடியில் கிடக்கும் கருங்கல்லிலிருந்து ரேடான் என்றொரு வாயு கிளம்புமாம். மணமில்லை, நிறமில்லை. தரை வெடிப்பு வழியே ஏறி அடைத்த அறைகளில் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். நம்மூரில் வாஸ்து பார்ப்பதுபோல இங்கே இதைப் பார்க்கிறார்கள்.

கருங்கல் என்றதுமே எனக்குத் திருவண்ணாமலை வீடுதான் ஞாபகம் வந்தது. ஊர்ப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பழி தீர்க்க ஒரு வழி கிடைத்த சந்தோஷம்.

செங்கம் ரோட்டுப் பக்கம், மலையடிப் பாறையை ஒட்டி அப்பா கட்டிய வீடு அது. பின்பக்கம் பாதி தரைக்குள் இறங்கிய அறையில் மல்லாட்டை மூட்டை அடுக்குவார்; நிலக்கடலைக்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது. அப்பா போனதும் அண்ணன் வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கினான். அந்த ஒரு அறையை மட்டும் எனக்கு விடு, ஊருக்கு வந்தால் படுக்க இடம் வேண்டும் என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சிரித்தான். "கட்டிக் குடுத்தாச்சு. இங்க உனக்கு என்னா இருக்குது? வந்தா ரெண்டு நாள் சாப்ட்டு, பொடவ வாங்கிக்கினு போ." பிறகு அந்த அறையின் ஜன்னலை அடைத்து, ஏசி மாட்டி, 'தியானக் குகை' என்று பெயர் வைத்தான். நான் ஊருக்குப் போனால் லாட்ஜில் தங்குவேன். பிறந்த ஊரில் லாட்ஜ்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன முறை பெக்காவிடம் பார்த்ததுபோல ஒரு கருவி வாங்கிக்கொண்டு போனேன். காற்று சுத்தமா என்று பார்க்கிற மிஷின் என்று அண்ணியிடம் சொல்லிக் குகையில் வைத்தேன். எண் ஏறும், அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவேன், அப்புறம் ஒரு வெள்ளைக்காரரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். இதுதான் திட்டம். ஒரு வாரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா? மலைக்கு அடியிலேர்ந்து வருது. கண்ணுக்குத் தெரியாது. தூங்குறவங்க ஒடம்புக்குள்ள எறங்கும்."

அண்ணன் கருவியைப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணாமலையாரே! மிஷினுக்கே தெரியுதே!"

"ஐயோ, அது விஷம்ணா. கேன்சர் வரும்."

"உனக்குப் பொறாம. இது அக்கினி மலைம்மா. சக்தி இல்லாமயா இருக்கும்?"

சாயங்காலத்துக்குள் கருவிக்கு விபூதிப் பட்டையும் குங்குமமும் வந்துவிட்டன. குகையில் தங்கியிருந்த ஆஸ்திரியாக்காரப் பெண்ணைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். "ரேடானா? எங்கள் நாட்டில் மூட்டுவலிக்கு இதற்காகவே சுரங்கத்துக்குள் போய்ப் படுப்பார்களே!" என்று கண் விரிந்தவள், இன்னொரு மாதம் தங்கினாள். நான் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு மேலும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. கருவியையும் அண்ணன் திருப்பித் தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆனால் அந்தக் கருவி விடுதியின் வைஃபை வழியாக என் செல்போனுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. இங்கே காபி போடும்போது அங்கே உள்ள எண்ணைப் பார்ப்பேன். கோடையில் அது இறங்கியது. கரண்ட் போய் ஏசி நின்றதும் யாரோ கதவைத் திறந்துபோட்டுப் படுக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அண்ணன் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"சக்தி கம்மியாயிடுச்சும்மா. என்னா பண்றது? நான் வேணா கதவ சாத்திக்கினு உள்ளயே படுக்கட்டா?"

'படு' என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. மறைக்க என்ன இருக்கிறது, துடிக்கத்தான் செய்தது. ஆனால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் ஜெயித்ததை யாரிடம் காட்டுவது?

"வேணாம்ணா. யாருமே படுக்கக் கூடாது. ரூம காலி பண்ணி இழுத்துப் பூட்டு. பொறந்த பொண்ணு வயிறு எரிஞ்ச வீட்ல சக்தி எப்படித் தங்கும்? சாவி என் கையில இருக்கணும்."

யார் சொன்னாலும் கேட்காதவன், வீட்டுப் பெண்ணின் சாபம் என்றால் நடுங்குவான்.

ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் சாவி வந்து சேர்ந்தது, மஞ்சள் தடவி. இப்போது விருந்தாளிகள் பூட்டிய கதவுக்கு வெளியே, நல்ல காற்றில் உட்கார்ந்துதான் கண்மூடுகிறார்களாம். அண்ணி சொன்னாள். இந்த வீட்டுச் சாவியும் அந்த அறைச் சாவியும் இங்கே ஒரே ஆணியில் தொங்குகின்றன. அப்பா வீட்டில் எனக்கென்று ஓர் அறை வாங்கிவிட்டேன். அடைத்த அறையில் எண் ஏறிக்கொண்டே போகிறது. நான் போய்க் கதவைத் திறந்தால் அது இறங்கிவிடும். இறங்கினால், சக்தி போய்விட்டது என்று அண்ணன் சாவியைத் திருப்பிக் கேட்பான்.