கடலுக்குப் போகும் தண்ணீர்

துபாஷி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு வேலை போயிருக்க வேண்டியது.

மலைமேல் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கீழே கூடலூர்ப் பக்கம் வாய்க்காலுக்கு சர்வே செய்ய ஓர் இளம் வெள்ளைக்கார இன்ஜினியர் வந்திருந்தார். துரை பேசுவதைத் தமிழிலும் ஊரார் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை.

அன்று சர்வே சங்கிலி வீராயி அம்மாளின் புஞ்சைக்குக் குறுக்கே விழுந்தது. புருஷன் இறந்தபின் அந்த நிலத்தில் சோளம் போட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். வாய்க்கால் வந்தால் நிலம் இரண்டு துண்டாகிவிடும். அவர் சம்மதித்தால்தான் மற்றவர்களும் சம்மதிப்பார்கள் என்று மணியக்காரர் முன்பே எச்சரித்திருந்தார்.

மேற்கே ஓடி வீணாகக் கடலில் விழும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, இந்தப் பக்கம் திருப்பப் போவதாக துரை சொன்னார். தமிழில் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஊராரும் மலையை அண்ணாந்து பார்த்தார்கள்.

வீராயி மலையைப் பார்க்கவில்லை.

"கடலுக்குப் போறது வீணுன்னு துரைக்கு யாரு சொன்னாக? அங்கன மீன் பிடிச்சுப் பிழைக்கிறவுகளக் கேட்டாகளா?"

இதை அப்படியே சொன்னால் துரைக்குக் கோபம் வரும், வேலை நின்றால் பழி என்மேல் விழும் என்று பயந்தேன். வேலை எப்போது முடியும் என்று கேட்கிறார் என இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன்.

துரை என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது; திக்கித் திக்கித் தமிழிலேயே பேசினார். "அந்த அம்மா சொன்னது அது இல்லை. மீன் என்று சொன்னார்."

தலைகுனிந்து, கேள்வியை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தனக்குத் தெரியாது என்றும், யாரும் கேட்டதாகத் தான் கேள்விப்படவில்லை என்றும் சொன்னார். அதை அப்படியே அந்த அம்மாளிடம் சொல்லச் சொன்னார்.

தெரியாது என்று ஒரு துரை சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையும் மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

வீராயி யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாதுன்னு ஒத்துக்கிட்டவுக பாத்துப் பதனமா வெட்டுவாக. எங்க புஞ்சையில வெட்டிக்கிடச் சொல்லுங்க."

வீண் என்ற சொல்லை அதுவரை நான் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒருவர் வீண் என்பது இன்னொருவருக்குச் சோறாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாள் அதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். கோபப்பட இடமிருந்தும் துரை அதற்குப் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவே நின்று பொய் சொன்னது நான் ஒருவன்தான். ஆனாலும் துரை என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதன்பின் வேலையில் இருந்த காலம் முழுவதும் யார் பேச்சையும் நான் குறைத்ததோ மாற்றியதோ இல்லை.

சில வருஷம் கழித்து மலைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நுரை, பின்னாலேயே ஓர் ஆறு. கரையில் நின்ற நூற்றுக்கணக்கானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்கள். ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று துரை என்னிடம் கேட்டார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது சரியான மொழிபெயர்ப்புத்தான்.